கொல்லத்தில் ஆறு இரவுகளுக்கு ஓர் இல்லம் வேண்டும்: மீன், கள், புரட்டாசி

குண்டாற்றங்கரை (செங்கோட்டை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ‘கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டா’ என்று மலையாளத்தில் ஒரு பழமொழி சொல்வார்கள். நானோ கொல்லத்திலேயே ஆறு இரவுகள் தங்க ஓர் இல்லத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் பத்துப் பேர். மாமனாருக்கு 74 வயது, மாமியாருக்கு 69. கோயம்புத்தூரிலிருந்து மூத்தாரும் ஓரகத்தியும் தங்கள் பிள்ளைகள் இருவருடன் வருகிறார்கள். அவர்களில் மூத்தவனுக்கு வயது 21, பொறியியல் படிக்கிறான். மீதிப் பேர் நானும் என் கணவரும் எங்கள் இரு குழந்தைகளும். விடுதியில் நான்கு அறைகள் எடுத்து நான்கு கதவுகளுக்குப் பின்னால் அடைந்துகிடப்பதை யாரும் விரும்பவில்லை. முழு வீடாக, சமையலறையோடு, முடிந்தால் அஷ்டமுடிக் காயலைப் பார்த்தபடி வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. காலையில் துறைக்குப் போய் மீன் வாங்கி வந்து நாமே குழம்பு வைப்பது, ஒருநாள் மட்டும் நல்ல கள்ளுஷாப்பில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சாப்பிடுவது, மற்ற நேரமெல்லாம் சும்மா இருப்பது என்பதுதான் திட்டம். மாமனார் தம் இளமையில் குடித்த தென்னங்கள்ளை ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். மாமியார் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 25 முதல் 31 வரை போகலாம் என நினைத்து நான்கு வீடுகளின் படங்களைச் சேர்த்து இங்கே இணைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே வீட்டிலேயே திராட்சை வைன் போட்டு விருந்தினருக்குக் கொடுப்பார்கள் என்றும் கேள்விப்பட்டேன். எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பது, எவற்றைக் கேட்டுத் தெளிந்த பிறகு முன்பணம் கட்டுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கல்லடையாறு (புனலூர்) எழுதியது:

அம்மா, நீங்கள் வீட்டைத் தேடுவதிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளாகப் புனலூரில் வாழும் தமிழன் என்ற உரிமையில் சொல்கிறேன், முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். அஷ்டமுடியில் வீடு எங்கும் போய்விடாது. மீன், சாலை, வாடகை, கடல் ஆகிய நான்கும் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கும்.

டிசம்பர் கடைசி வாரத்தில் செங்கோட்டையிலிருந்து கிளம்புகிறவர்கள் ஐயப்பன்மார்களின் வண்டிகளுக்கு நடுவேதான் மலை இறங்க வேண்டியிருக்கும். சபரிமலையில் மண்டல பூஜை முடிந்த சில நாட்களிலேயே மகரவிளக்குக்காக நடை திறந்துவிடும். ஆரியங்காவு, குளத்துப்புழை, அச்சன்கோவில் என்று ஒவ்வொரு கோயிலிலும் நின்று வருகிற கூட்டம் அது. சாதாரண நாளில் மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற 95 கிலோமீட்டருக்கு அன்று எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரயிலில் வருவதானால் இந்தக் கவலை இல்லை. 2018-இல் அகலப்பாதை முழுவதும் திறந்தபின் செங்கோட்டை–கொல்லம் பயணம் எளிதாகிவிட்டது, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தையும் குழந்தைகளுக்குக் காட்டலாம். ஆனால் பத்துப் பேருடன் பாத்திரம் பண்டங்களும் வரும் என்றால் வண்டிதான் வசதி.

வாடகையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையில் காயலோர வீட்டுக்காரர்கள் கேட்கும் தொகையையும் அதே வீட்டுக்குச் செப்டம்பரில் கேட்கும் தொகையையும் அடுத்தடுத்து விசாரித்துப் பாருங்கள்.

வைன் விஷயம்: கிறிஸ்தவ வீடுகளில் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டுப் பரணியில் ஊறவைக்கும் வழக்கம் உண்மைதான். ஆனால் உரிமம் இல்லாமல் நொதிக்கவைப்பது கேரளத்தின் அப்காரிச் சட்டப்படி குற்றம். பழங்களிலிருந்து வைன் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் தரும் விதிகளை அரசு 2022-இல்தான் கொண்டுவந்தது. வாடகை வீட்டுக்காரர் ‘வீட்டு வைன் உண்டு’ என்று விளம்பரம் செய்தால், அதை அவருடைய உபசரிப்பின் அடையாளமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், அவருடைய கவனக்குறைவின் அடையாளமாகவே எடுத்துக்கொள்வேன்.

குழித்துறைப் பாலம் (மார்த்தாண்டம்) எழுதியது:

கொல்லம்தான் என்று ஏன் முடிவு செய்துவிட்டீர்கள்? எங்கள் களியக்காவிளையைத் தாண்டினால் சிறிது தூரத்தில் பூவாறு. நெய்யாறு கடலில் சேரும் இடம், ஒரு பக்கம் ஆறு, நடுவே மணல்திட்டு, மறுபக்கம் கடல். அங்கிருந்து விழிஞ்ஞம் பக்கம்தான். துறைமுகத்தில் இப்போது பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து நின்றாலும், பாறையில் மூழ்கிப் பெயர்த்தெடுக்கும் சிப்பிக்கு விழிஞ்ஞத்தை விஞ்சிய இடம் தெற்கில் இல்லை என்பது என் கட்சி. சிப்பியைத் தேங்காய்த் துண்டும் மிளகும் போட்டு உலர்த்தித் தின்றவர்கள் காயல் மீனான கரிமீனைப் பெரிதாகப் பேச மாட்டார்கள்.

குண்டாற்றங்கரை எழுதியது:

அண்ணாச்சி, செங்கோட்டையிலிருந்து பூவாறு வருவதற்குள் முதியவர்கள் களைத்துவிடுவார்கள். எங்களுக்குக் கொல்லம் நேர்வழி. 1956 வரையில் எங்கள் ஊரும் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தது. மாமனாரின் தகப்பனார் வழக்கு வியாஜ்ஜியம் என்றால் கொல்லத்துக்குத்தான் போவாராம். அந்தப் பழைய பற்றும் இதில் இருக்கிறது.

வலைவீட்டுப் பிள்ளை (குளச்சல், இப்போது சக்திகுளங்கரை) எழுதியது:

நான் பதினான்கு ஆண்டுகளாக இங்கே விசைப்படகில் தொழில் செய்கிறேன். எங்கள் குமரிக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் இந்தத் துறையில் நிறைய இருக்கிறோம். மீனுக்காக வீடு எடுக்கிறவர்கள் மீனின் நாள்காட்டியைப் பார்ப்பதே இல்லை என்பது என் நெடுநாள் குறை, ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் இழுவைமடிப் படகுகளுக்குத் தடை. தமிழ்நாட்டில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், எங்கள் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை இருக்கும். தடைக்காலத்தில் மீனே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, வள்ளங்களில் போகிற பாரம்பரியத் தொழிலாளர்களுக்குத் தடை கிடையாது. சாளையும் அயிலையும் அவர்கள் கொண்டுவருவார்கள். ஆலப்புழைப் பக்கம் சாகரை விழுந்தால், அதாவது கரையோரச் சேறு கலங்கி அலை அடங்கி மீன் ஒதுங்கினால், அந்த மழையிலும் கரையில் திருவிழாதான். ஆனால் அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஏற்றதல்ல.

ஆகஸ்ட் முதல் தேதி படகுகள் இறங்கியதும் கிளிமீனும் கணவாயும் கரிக்காடி இறாலும் குவியும். கிளிமீன் என்றதும் விழிக்க வேண்டாம், நீங்கள் சங்கரா என்று வாங்குவதுதான். இங்கே நெய்மீன் என்றால் உங்கள் சீலா, சென்னைக்காரர்களின் வஞ்சிரம். மத்தி என்றால் சாளை. கூந்தல் என்று சொன்னால் ஊசிக்கணவாய். இந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் ஏலத்தில் வாயைத் திறக்க முடியாது. நீண்டகரைத் துறையும் சக்திகுளங்கரைத் துறையும் காயல் கடலோடு கலக்கும் வாயின் இரு கரைகளில் இருக்கின்றன, நடுவே பாலம். 1950-களில் நார்வேக்காரர்களின் திட்டம் நீண்டகரையில் வந்தபோதுதான் இந்தக் கரையில் விசைப்படகுத் தொழில் வேர்பிடித்தது. விடியலுக்கு முன்பே வந்துவிடுங்கள். ஏலம் கூடைக்கணக்கில் நடக்கும், பத்துப் பேருக்கு ஒரு கூடை அதிகம். ஏலம் எடுத்துக் கரையிலேயே கூறுபோட்டு விற்கும் பெண்களிடம் வாங்குவதுதான் உங்களுக்குச் சரி.

டிசம்பரில் வந்தால் கக்காவை, அதாவது காயல் மட்டியை, மறந்துவிடுங்கள். அஷ்டமுடியின் மஞ்சள்கால் கக்கா 2014-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக நீடித்த மீன்பிடிப்புக்கான உலகச் சான்று பெற்றது. அந்தச் சான்றுக்கு அடிப்படையே கக்கா இனப்பெருக்கம் செய்யும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில் அதை அள்ளாமல் விடுவதுதான். அந்தச் சமயத்தில் யாராவது ‘இப்போது அள்ளியது’ என்று கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கரிமீனிலும் ஏமாற்று உண்டு. அது கேரளத்தின் மாநில மீன். தேவை அதிகம், காயலில் கிடைப்பது குறைவு, ஆகவே ஆந்திரக் குளங்களில் வளர்த்த கரிமீன் ஐஸ்பெட்டியில் ஏராளமாக வருகிறது. காயல் மீன் வேண்டுமானால் ஓட்டலில் கேட்காமல், காலையில் காயல்கரையில் வலை உதறுகிறவரிடம் கேளுங்கள். உயிரோடு துடிப்பதைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். கெட்ட மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2018-இல் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் சோதனை நடத்தியபோது ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்ட இடங்களில் உங்கள் வழியிலுள்ள ஆரியங்காவுச் சோதனைச்சாவடியும் ஒன்று. அந்த மீன் வெளியிலிருந்து கேரளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கரையில் வாங்குவதன் அருமை அதில்தான் தெரியும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி.

குண்டாற்றங்கரை எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வருகிறது, கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கும் தோது. ஓணமும் பெரும்பாலும் முடிந்திருக்கும், ஐப்பசி அடைமழையும் தொடங்கியிராது. எல்லாம் பொருந்திவந்த வேளையில் மாமியார் ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார்: புரட்டாசி.

அவர் அந்த மாதம் முழுவதும் மீன், முட்டை தொடமாட்டார். சனிக்கிழமைகளில் வீட்டில் யாரும் தொடக்கூடாது. மீன் சமைத்த அடுப்பில் அவருக்குத் தோசை வார்க்க முடியாது. மீன் தின்பதற்காகவே போகும் பயணத்தை மீன் தின்னாத மாதத்தில் வைத்துக்கொள்வதா என்று என் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

சிற்றாறு (தென்காசி) எழுதியது:

மதினி, இதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். எங்கள் வீட்டிலும் இதே வழக்குத்தான். கேரள வீட்டின் அமைப்பே உங்களுக்குத் தீர்வு தரும். அங்கே சற்றுப் பெரிய வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் ‘வொர்க் ஏரியா’ என்று இன்னொரு சமையலிடம் இருக்கும். தனி மேடை, தனித் தொட்டி, பல வீடுகளில் விறகடுப்பும் புகைபோக்கியும், கொல்லைப்பக்கம் திறக்கிற தனிக்கதவும் உண்டு. மீன் கழுவுவது, தேங்காய் திருகுவது, பொரிப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும். முன் சமையலறையை மாமியாரிடம் விட்டுவிடுங்கள், பின்னால் இருப்பதை மீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கதவு இருந்தால் குடும்பம் பிழைத்தது.

ஆனால் படத்தை நம்பாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எட்டுப் பேர் காயலோரத்தில் ஒரு வீடு எடுத்தோம். விளம்பரத்தில் ‘முழுமையான சமையலறை’ என்று எழுதி, பளபளக்கும் மேடையின் படத்தையும் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒற்றை மின்அடுப்பு, இரண்டு பாத்திரம், மூடி இல்லாத ஒரு குக்கர். அரிவாள்மணை கிடையாது, தேங்காய் திருகி கிடையாது. சிலிண்டர் கேட்டதற்கு, ‘விருந்தினர்கள் தேநீர்தான் போடுவார்கள்’ என்று பொறுப்பாளர் பதில் சொன்னார். நான்கு கிலோ நெய்மீனை வாங்கிவந்து அந்த ஒற்றை அடுப்பில் நள்ளிரவு வரை பொரித்தோம். இரவு மின்சாரம் போனபோது இன்வெர்ட்டர் கூடத்து விளக்குக்கு மட்டும்தான் வேலை செய்தது. மீன் பாதி பச்சையாகவே கிடந்தது. காலையில் பக்கத்து வீட்டு அம்மா அதை அப்படியே வாங்கிக்கொண்டு போய்க் குடம்புளி போட்டு வேகவைத்துக் கொடுத்தார். அவருடைய குழம்பு எங்கள் பொரியலைவிட நன்றாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் முன்பணம் கட்டும் முன் காணொளி அழைப்பில் வந்து சமையலறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்வதிலும் தவறில்லை. குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கட்டாயம் கேளுங்கள். காயலோரக் கிணறுகளில் உப்புக் கரிக்கும், பருப்பு வேகாது. கேன் தண்ணீர் தினமும் எத்தனை வரும், யார் செலவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் மேலைநாட்டுக் கழிப்பறை இருக்கும் படுக்கையறை ஒன்றாவது முதியவர்களுக்கு வேண்டும். காயல் பக்கம் கைப்பிடிச் சுவர் உண்டா என்பதை உங்கள் சின்னவனை நினைத்துக் கேளுங்கள்.

வீடு கேரளச் சுற்றுலாத் துறையில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரிப்பது ஹோம்ஸ்டேக்களுக்கு. அவற்றில் உரிமையாளர் குடும்பமும் அதே வளாகத்தில் வசிக்கும், சமையலறை பெரும்பாலும் அவர்களுடையது. நீங்கள் கேட்கிற முழு வீட்டை வில்லா என்பார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பதிவு செய்துவிட்டுப் பிறகு ‘எங்களைச் சமைக்க விடவில்லை’ என்று வருந்துகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

புளியரை எழுதியது:

வாடகை வேனில் போவதானால், மஞ்சள் பலகை வண்டிக்குக் கேரளத்துக்கான அனுமதியும் வரியும் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் முன்பே கேளுங்கள், சோதனைச்சாவடியில் நின்று கேட்கக்கூடாது. மலைப்பாதையின் எஸ் வளைவில் கல், எம்-சாண்ட் லாரிகள் எந்நேரமும் போகும். விடியற்காலை 5 மணிக்கு முன் மலையைக் கடந்துவிடுவது நல்லது. பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்ற யோசனை யாருக்காவது இருந்தால், அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளவும்.

கல்லடையாறு எழுதியது:

கள்ளைப் பற்றி இன்னும் யாரும் முறையாகப் பேசவில்லை. உங்கள் மாமனாருக்காக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்கிய பதநீர்தான் உங்களுக்கு மிச்சம். கேரளத்தில் 1996-இல் சாராயத்தைத் தடை செய்தபோதும் கள்ளை விட்டுவைத்தார்கள். உரிமம் பெற்ற ஷாப்பில்தான் விற்பனை. பாளையைக் கட்டி, தட்டி, சீவி, காலையும் மாலையும் மரமேறி இறக்குகிறார்கள். சுண்ணாம்பு இல்லாததால் கலயத்திலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது பதினொரு மணிக்கு இளநீர்போல இனிக்கும், அதை மதுரக்கள் என்பார்கள். மாலைக்குள் ஏறிவிடும். மறுநாள் புளிக்கும். இன்னும் வைத்தால் வினாகிரிதான். ஆகவே மாமனாரை முற்பகலில் அழைத்துச் செல்லுங்கள், இரவில் வேண்டாம்.

கொல்லத்து ஷாப்பில் இருப்பதெல்லாம் கொல்லத்துத் தென்னையில் இறக்கியது என்று நம்பிவிட வேண்டாம். மாநிலத்தின் பல மாவட்டங்களுக்குப் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்துதான் வண்டியில் கள் வருகிறது. அங்கே தோப்புகளில் வேலை செய்கிறவர்களில் பலர் நம்மைப்போலத் தமிழ் பேசுகிறவர்கள். உள்ளூர்க் கள் உண்டா, எத்தனை மணிக்கு வரும் என்று முந்தைய நாளே ஷாப்பில் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

சாப்பாட்டுக்காகவே போகிறவர்களும் ஏராளம். மரச்சீனியைத் திருவிதாங்கூரில் ஏழைகளின் உணவாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அந்தக் கிழங்கோடு குடம்புளி போட்ட சிவப்பு மீன்கறியைச் சேர்த்து வைத்த புண்ணியம் ஷாப்புகளுக்குத்தான் சேர வேண்டும். கக்காத் தோரன், நண்டு, தாரா (வாத்து) ரோஸ்ட், வாழையிலையில் சுட்ட கரிமீன் என்று வரிசையாக வரும். காரம் நம் ஊர்க் காரத்தைவிட ஒரு படி மேலே, அது தாகத்துக்காகப் போடும் காரம். பல ஷாப்புகளில் குடும்பத்தாருக்கென்று தனி அறை உண்டு. பெண்களும் குழந்தைகளும் கள்ளில்லாமல் சாப்பிட்டுவிட்டு வருவதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

சட்டத்தில் சில கண்ணிகள் உள்ளன. கேரளத்தில் மது அருந்தும் வயது 23, தமிழ்நாட்டைப்போல 21 அன்று. உங்கள் பொறியியல் மாணவருக்கு மரச்சீனி மட்டும்தான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மதுக்கடைகளுக்கு விடுமுறை, அக்டோபர் 2 காந்தி பிறந்தநாள். நீங்கள் போகும் வாரத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஷாப்புக்குப் போகிற நாளை செப்டம்பர் 30-க்குள் முடித்துவிடுங்கள். ஒருவர் கையில் வைத்திருக்கக்கூடிய கள்ளின் அளவு ஒன்றரை லிட்டர். அதுவும் கேரளத்துக்குள்தான். ஊர் திரும்பும்போது ஒரு குப்பி கொண்டுபோகலாம் என்று மூத்தார் நினைத்தால் புளியரையில் பிடிபடுவது ஒரு பக்கம், அதற்கு முன்பே தென்மலை வெயிலில் மூடி தெறித்து வண்டியெல்லாம் நாறுவது மறுபக்கம். வாங்கிப்போக வேண்டுமானால் குடம்புளியும் முந்திரிப்பருப்பும் இருக்கின்றன.

பொட்டல்வெளி (சங்கரன்கோவில்) எழுதியது:

குழந்தைகள் உடன்வரும் குடும்பப் பயணத்தில் கள்ளுக்கடையை ஒரு காட்சியாகச் சேர்ப்பது எனக்கு உவப்பாக இல்லை. எங்கள் தெருவில் கள் அழித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உணவு வேண்டுமானால் ஓட்டலிலும் கிடைக்குமே.

கல்லடையாறு எழுதியது:

உங்கள் கவலையை மதிக்கிறேன், ஐயா. பெரியவர்கள் மட்டும் போய் வரலாம், குழந்தைகளுக்கு வேண்டியதைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வரலாம். முடிவு அவர்கள் வீட்டுடையது.

வலைவீட்டுப் பிள்ளை எழுதியது:

அக்கா, வீட்டின் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்கள் நான்கு படங்களில் ஒன்று மன்றோத்தீவு என்று அந்தக் குறுகிய கால்வாயைப் பார்த்தே தெரிகிறது. அழகான இடம்தான், கல்லடையாறு அஷ்டமுடியில் சேரும் இடத்திலுள்ள தீவுக்கூட்டம். ஆனால் அங்கே வீடுகள் வாவு நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஏற்றநீரில் நனைகின்றன. தென்மலையில் அணை கட்டியபின் ஆற்று வண்டல் முன்போல வந்து சேராததால் நிலம் தாழ்கிறது என்று பழையவர்கள் சொல்வார்கள். ஒருநாள் காலையில் போய்த் துடுப்பு வள்ளத்தில் சுற்றிவிட்டு வாருங்கள். முதியவர்களோடு ஆறு இரவு தங்குவதானால், போகும் தேதிகளில் வாவு விழுகிறதா என்று நாள்காட்டியைப் பார்த்து, முற்றத்தில் தண்ணீர் ஏறுமா என்று வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

வர்க்கலையில் வீடு பார்த்தால் செங்குத்தான பாறைக்கு மேலே இருக்கும். காட்சிக்குக் குறைவில்லை, கடற்கரைக்கு இறங்கும் படிகள் உங்கள் மாமியாருக்கு ஆகாது. மீன்துறையும் தூரம். பிராக்குளம், சாம்பிராணிக்கோடி பக்கம் காயல் கரையில் நல்ல வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து துறைக்கு வருவதும் எளிது.

கொல்லம் கடற்கரையில் குளிக்க வேண்டாம், கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் வந்துவிடும். குழந்தைகள் காலை நனைக்கத் திருமுல்லைவாரம் சற்று அமைதியானது. ஏப்ரல், மே மாதங்களில் வருகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளிலேயே கடல் திடீரென்று ஏறிவரும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை அது. திருடனைப்போல வருவதால் கள்ளக்கடல் என்கிறோம், அந்தப் பெயரை 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. (கள்ளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) ஹைதராபாதிலுள்ள கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடும், அதைப் பாருங்கள்.

குண்டாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. நேற்று பிராக்குளத்தில் ஒரு வீட்டை முடிவு செய்தோம். நான்கு படுக்கையறைகள், இரண்டு கீழ்த்தளத்தில். காணொளி அழைப்பில் பின்பக்க வொர்க் ஏரியாவைத் திறந்து காட்டச் சொன்னேன், விறகடுப்போடு இருந்தது. உரிமையாளர் அம்மையார் அடுப்பைப் பற்றவைத்ததோடு நிற்காமல், தேங்காய் திருகியையும் எடுத்துக் காட்டினார். தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது கிணறு உப்பு என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். நாளுக்கு நான்கு கேன், அவர் பொறுப்பு. டிசம்பருக்கு அவர் சொன்ன வாடகையில் பாதிக்குச் சற்றே மேல்தான் செப்டம்பருக்குக் கேட்டார்.

வெள்ளியன்று விடியலில் கிளம்பி வியாழனன்று திரும்புகிறோம், நடுவில் ஒரே சனிக்கிழமை. அன்று வீடு முழுவதும் சைவம் என்று ஒப்பந்தமாகியிருக்கிறது: காலையில் புட்டும் கடலையும், மதியம் எரிசேரி, இரவு கஞ்சியும் பயறும். மற்ற நாட்களில் நடுக்கதவு சாத்தியிருக்கும். அங்கே இந்த மாதத்துக்குக் கன்னி என்று பெயர், புரட்டாசி என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது என்று மாமனார் ஒரு வாதம் வைத்துப் பார்த்தார், எடுபடவில்லை. ஷாப்புக்குத் திங்கள் முற்பகலில் அவரும் மகன்மார் இருவரும் போகிறார்கள். பொட்டல்வெளி ஐயா சொன்னபடி பிள்ளைகள் வரவில்லை, பொட்டலம் வரும். கக்கா சொல்லிவைத்தாயிற்று.

வலைவீட்டுத் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி. குடம்புளிக் குழம்புக்குப் புதிய மண்சட்டி அங்கே வாங்கினால் பழக்குவதற்கே இரண்டு நாள் போய்விடும் என்கிறாள் ஓரகத்தி. நம் வீட்டுப் பழைய சட்டியைக் கொண்டுவரலாமா?

வலைவீட்டுப் பிள்ளை எழுதியது:

பழைய சட்டியையே கொண்டுவாருங்கள், அக்கா. மலை இறங்கும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் போட வேண்டாம்.